கிரயமா, குத்தகையா? கணினி ஓவியர் ஒருவருக்கு வழக்கறிஞரின் பதில்

காவேரிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

கணினி அறிவியலில் பட்டம் பெற்று, ஓசூரில் ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர் இவர். வேலையை விட்டு மூன்று ஆண்டுகளாக வீட்டிலிருந்தே பேனா டேப்லெட்டில் ஓவியம் வரைந்து கொடுக்கிறார். கல்யாண ஜோடிப் படங்கள், மறைந்துபோன தாத்தா பாட்டி பேரக்குழந்தையை மடியில் வைத்திருப்பதுபோன்ற படங்கள், வெளிநாட்டு ‘கேம்’ ஆர்வலர்கள் கேட்கும் கற்பனைப் பாத்திரங்கள் என்று இன்ஸ்டாகிராம் வழியே ஆர்டர்கள் வருகின்றன. வங்கிக் கணக்கு, பேபால் கணக்கு இரண்டும் அண்ணன் பெயரில் இருக்கின்றன. அப்பா மாந்தோப்பு வைத்திருக்கிறார். “கமிஷனுக்கு வரைகிறேன்”, அதாவது ஆர்டரின்பேரில் கட்டணம் வாங்கி வரைகிறேன், என்று மகள் சொன்னபோது, மண்டியில் கமிஷன் பார்ப்பதுபோல் எதுவோ என்றுதான் முதலில் நினைத்தாராம்.

கடந்த ஆண்டு நம் மாவட்டத்து மாம்பழச்சாறு நிறுவனம் ஒன்று, தலையில் இலை முளைத்த ஒரு மாம்பழச் சிறுவனை வரைந்து தரும்படி இவரிடம் கேட்டது. “இன்ஸ்டா போஸ்ட்டுக்கு 3 படம், 7,500 ரூபாய்” என்று இவர் வாட்ஸ்அப்பில் எழுதினார். “ஓகேம்மா, பண்ணிடுங்க” என்று பதில் வந்தது, பணமும் வந்தது. இந்தக் கோடையில் பேருந்து நிலையக் கடையொன்றில் அதே சிறுவன் பாட்டில் உறையின் மேல் சிரித்துக்கொண்டிருப்பதையும், சரக்கு வண்டியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு நிற்பதையும் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, “காசு கொடுத்து வாங்கின படம்மா, எங்க வேணா போடுவோம்” என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிறார். மண்டிக்காரர்களோடு வம்பு வேண்டாம் என்கிறார் அப்பா. ஐந்து லட்சம் கேட்கலாமா என்பது இவருடைய கேள்வி.

இதற்கிடையில் பாலக்கோட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணி, தம் மறைந்த தந்தையின் படத்தை இவர் இன்ஸ்டாகிராமில் மாதிரிக்காகப் போட்டிருப்பதை நீக்கச் சொல்லியிருக்கிறார். “நான் வரைந்தது, என் உரிமை” என்று பதில் அனுப்பியதாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் 180 டாலர் செலுத்திப் படத்தைப் பெற்றுக்கொண்டு, இரண்டு மாதம் கழித்துப் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் கடிதத்தில் இருக்கிறது. இவற்றோடு ஜி.எஸ்.டி., படங்களைப் பதிவு செய்வது, முத்திரைத்தாள் பற்றிய சந்தேகங்களும் உண்டு.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா ஒவ்வோர் ஆண்டும் பூப்பிடிக்கும் நேரத்தில் தோப்பை வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினைகள் பலவற்றுக்கும் விளக்கம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. குத்தகைக்காரர் பணம் கொடுக்கிறார், காவல் போடுகிறார், அந்தப் பருவத்துக் காயை இறக்கிக்கொண்டு போகிறார். அடுத்த ஆண்டும் வந்து காயைப் பறித்தாலோ, கிளையை வெட்டி விறகாக்கினாலோ, “காசு கொடுத்தேனே” என்ற பதிலை உங்கள் அப்பா ஏற்கமாட்டார். தோப்பையே கிரயம் செய்து கொடுத்திருந்தால் கதை வேறு. பதிப்புரிமைச் சட்டத்திலும் இந்த இரண்டும் உண்டு. குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு அனுமதிப்பது உரிமம், உரிமையையே எழுதிக் கொடுப்பது உரிமை மாற்றம். ஆர்டர் எடுக்கும்போது இரண்டில் எதை விற்கிறீர்கள் என்று நீங்களும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. தகராறுக்கு இடம் கொடுத்தது அந்த மௌனம்தான்.

பாட்டில் மேல் ஏறிய மாம்பழச் சிறுவன்

முதலில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “வரைந்தவருக்கே பதிப்புரிமை, பணம் வாங்கி வரைந்தாலும் அது மாறாது” என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு ஓவியர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தை வைத்துச் சொல்வதைக் கேட்டு இந்த எண்ணம் வந்திருக்கலாம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்கிவிட்டு உடனே சில விதிவிலக்குகளைச் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படம், தீட்டப்பட்ட ஓவியம், வரையப்பட்ட உருவப்படம் ஆகியவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்பது அவற்றில் ஒன்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தூக்கிக் காட்டப்போவது இந்த விதிவிலக்கைத்தான்.

அப்படியானால் தோற்றுவிட்டோமா என்றால், இல்லை. உங்கள் பக்கம் இரண்டு பிடிமானங்கள் உள்ளன. அந்த விதிவிலக்கு ஓவியத்தையும் உருவப்படத்தையும் சொல்கிறதே தவிர எல்லாக் கலைப்படைப்புகளையும் சொல்லவில்லை. கணினியில் கோடுகளால் உருவாக்கிய ஒரு வணிகப் பாத்திரம் அதற்குள் வருமா என்பது இரு பக்கமும் வாதாடக்கூடியது என்பதால், இதை மட்டும் நம்பி நான் வழக்கில் இறங்கமாட்டேன். இரண்டாவதுதான் வலுவானது. ‘மாறான ஒப்பந்தம் இல்லாதவரை’ என்று சட்டம் சொல்லும் அந்த ஒப்பந்தம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. “இன்ஸ்டா போஸ்ட்டுக்கு” என்ற சொல்லை நீங்கள் எழுதினீர்கள், அவர்கள் சம்மதித்தார்கள். என்ன பயன்பாட்டுக்காக இந்த விலை என்பதை இருவரும் எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். பாட்டில் உறையைப் பற்றியோ சரக்கு வண்டியைப் பற்றியோ அங்கே ஒரு சொல்கூட இல்லை. ‘மட்டும்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்திருந்தால் என் வேலை இன்னும் எளிதாகியிருக்கும். ஆனாலும் இருப்பதே பேசுவதற்குப் போதுமானது.

முத்திரைத்தாளில் எழுதாததால் ஒப்பந்தமே இல்லை என்று அந்த நிறுவனத்தின் மேலாளர் சொன்னதைப் பொருட்படுத்தாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தம்கூடச் செல்லும். மின்னணு வழியில் உருவானதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டிய ஆவணத்தில் அது குறைந்தால், தீர்வையையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்யக்கூடிய குறைதான் அது.

சான்றுகளில் கவனம் வேண்டும். அந்த உரையாடல் இருக்கும் கைப்பேசியை மாற்றாதீர்கள், பழையதாகிவிட்டதென்று தம்பி தங்கைக்கும் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-ஆம் பிரிவில், மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. மூலக் கருவி உங்களிடம் இருந்தால் அதைத் தருவது சிக்கலாக இராது. படத்தின் அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பை வேறொரு வட்டில் பிரதி எடுத்து வையுங்கள். கடைக்குப் போய் ஒரு பாட்டிலை ரசீதோடு வாங்கி, தயாரிப்புத் தேதி தெரியும்படி பத்திரப்படுத்துங்கள். சரக்கு வண்டியைப் படம் எடுங்கள். இதையெல்லாம் நோட்டீஸ் போவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நோட்டீஸ் போன மறுவாரம் உறை மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காவல் நிலையம் பற்றிய அண்ணனின் யோசனைக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். இது காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கிறது. ஆனாலும் உங்கள் விஷயத்தில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். உரிமை யாருடையது என்பதே வாதத்துக்குரியதாக இருக்கும்போது, ‘தெரிந்தே மீறினார்கள்’ என்று நிரூபிப்பது கடினம். “சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்” என்று புகாரை முடித்துவிட்டால், அந்த முடிவையே எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிராகக் காட்டும்.

என் வழி மெதுவானது. முதலில் வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ். அதில் மிரட்டல் வேண்டாம். இன்ன தேதியில் இன்ன பயன்பாட்டுக்கு இன்ன தொகைக்கு ஒப்புக்கொண்டோம், அதற்கு அப்பால் உறையிலும் வண்டியிலும் பயன்படுத்தியிருக்கிறீர்கள், அதற்கு உரிமக் கட்டணம் கொடுத்து எழுத்தில் உரிமம் பெறுங்கள் அல்லது நிறுத்துங்கள் என்று இருந்தால் போதும். இந்த நோட்டீஸுக்கு இன்னொரு பயனும் உண்டு. பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று மீறியவர் நிரூபித்தால், 55-ஆம் பிரிவின்படி அவரிடமிருந்து முழு இழப்பீட்டைப் பெற முடியாது. தடையாணையும், நீதிமன்றம் நியாயமெனக் கருதும் அளவுக்கு லாபத்தில் பங்குமே கிடைக்கும். நோட்டீஸைக் கையெழுத்திட்டு வாங்கிய பிறகு ‘தெரியாது’ என்று அவர்கள் சொல்ல முடியாது.

பதில் வராவிட்டால், கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுக்கலாம். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை உண்டு. வசதியில்லாதவர்களுக்கு மட்டுமே அது என்று படித்தவர்கள்கூட நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எட்டப்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். உங்கள் அப்பா அஞ்சும் வம்பு இல்லாமல், இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. பதிப்புரிமை வழக்கை வாதி குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்க 62-ஆம் பிரிவு அனுமதிப்பதால், நிறுவனம் தன் பதிவு அலுவலகத்தைப் பெங்களூருவில் வைத்திருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. கோரிக்கையின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், அவசரத் தடையாணை கேட்காதவரை, வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி கட்டாயம். காலவரையறை மூன்று ஆண்டுகள் என்பதால் நேற்றே ஓடியிருக்க வேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை.

ஐந்து லட்சம் என்ற தொகைக்கு வருகிறேன். அதை எதை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கோபத்தை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். ஒரு பாத்திரத்தைப் பொட்டல உறைக்கு உரிமம் கொடுக்க, இன்று இன்னொரு நிறுவனம் கேட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கேட்பீர்கள் என்று நிதானமாக யோசித்து, அதை நோட்டீஸில் வையுங்கள். காரணம் சொல்ல முடிந்த தொகைக்குத்தான் சமரச மேசையில் மரியாதை. தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் அந்த உறையை வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறார்களா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில் பாருங்கள். விண்ணப்பம் அந்தப் பதிவகத்தின் வணிகச் சின்ன இதழில் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், பதிப்புரிமை மீறல் அதற்கு ஏற்கப்பட்ட காரணம். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் இந்த நான்கு மாதம் கைநழுவிப் போகும்.

நிறுவனம் சமாதானத்துக்கு வந்து, “முழுசா எங்களுக்கே எழுதிக் கொடுங்க” என்று கேட்டால், அதாவது கிரயம் கேட்டால், அதுவும் தவறில்லை, விலைதான் வேறு. உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படம், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு எழுதப்படாவிட்டால் இந்தியா என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். முழுதாக எழுதிக் கொடுத்த பிறகும், படைத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் நற்பெயர் கெடும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி உங்களோடுதான் இருக்கும்.

பாலக்கோட்டுப் படம்

மேலே சொன்ன விதிவிலக்கை இங்கே திருப்பிப் பாருங்கள். தம் தந்தையின் உருவப்படத்தைக் கேட்டார், பணம் கொடுத்தார், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை. சட்டம் சொல்லும் ‘பணம் பெற்று வரைந்த உருவப்படம்’ என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது. படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான். “நான் வரைந்தது” என்பது உண்மை. அதனால் வரைந்தவர் என்ற பெயர் உங்களுடையது. ஆனால் அதைப் பொதுவெளியில் வைக்கும் அனுமதி அவரிடம் இருக்கிறது. மாம்பழ நிறுவனம் உங்களிடம் பேசியதற்கும் நீங்கள் அந்த அம்மாவிடம் பேசியதற்கும் உள்ள தூரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். படத்தை நீக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். சட்டத்தை விடுங்கள், அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கும் வீட்டில், முன்பின் தெரியாதவர்கள் இதயக்குறி போட்டிருப்பதைப் பார்த்தால் மனது எப்படி இருக்கும்?

இனிமேல் மாதிரிக்காகப் போடுவதற்கு அனுமதி வேண்டுமானால், ஆர்டர் எடுக்கும்போதே கேளுங்கள். கல்யாண வீட்டார் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். மறைந்தவர்களின் படமென்றால் கேட்காமலேயே விட்டுவிடுவது நல்லது. நீங்கள் பார்த்து வரையும் புகைப்படங்களுக்கும் இதே விதிதான். வீட்டார் பணம் கொடுத்துப் புகைப்படக்காரரை அமர்த்தி எடுத்தவை என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வீட்டாருடையது. வேறெங்கோ எடுத்து அனுப்பும் படங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

திரும்பிப் போன 180 டாலர்

வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் மீது 180 டாலருக்காக வழக்குத் தொடுக்க எந்த வழக்கறிஞரும் யோசனை சொல்லமாட்டார். பேபாலில் பணம் செலுத்தியவர் 180 நாட்கள் வரை தகராறு எழுப்பலாம். அந்தச் செய்தி வந்தபோது மோசடி மின்னஞ்சல் என்று பயந்து நீங்கள் திறக்காமல் விட்டதால், ஒருதலைப்பட்சமாக முடிந்துவிட்டது. பயம் நியாயமானதுதான். அடுத்த முறை மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நேரடியாக உங்கள் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். உண்மையான தகராறு என்றால் அங்கே இருக்கும். பூர்வாங்க வரைவுக்கு அவர் சம்மதித்த உரையாடல், திருத்தங்கள், இறுதிக் கோப்பை அனுப்பிய நேரம் ஆகியவற்றைக் குறித்த கெடுவுக்குள் பதிவேற்றினால் வெல்லும் வாய்ப்பு உண்டு.

ஒரு வழி மிச்சமிருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெற்றவர் அந்தப் படத்தைத் தம் பக்கத்தில் இன்னும் பயன்படுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பணம் திரும்பினால் அனுமதியும் திரும்பும் என்பது உங்கள் நிபந்தனைகளில் எழுதியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. எழுதாவிட்டாலும், அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் நீக்கக் கோரலாம், கட்டணம் கிடையாது. பதிப்புரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று மதிக்க வகைசெய்யும் பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா இருப்பதால் இங்கே வரைந்த படத்துக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தப் படிவத்தில் தருவது உறுதிமொழி என்பதை மறக்காதீர்கள். உரிமையில் உங்களுக்கே ஐயம் இருக்கும் படத்துக்கு, எடுத்துக்காட்டாகப் பாலக்கோட்டுப் படம் போன்ற ஒன்றுக்கு, அதைப் பயன்படுத்தக் கூடாது.

நடைமுறையில் உங்களைக் காப்பது வேலையின் வரிசைதான். பாதித் தொகை முன்பணம், வரைவுக்குச் சம்மதம், நீர்க்குறியிட்ட சிறிய படத்தைக் காட்டுவது, மீதித் தொகை வந்த பின்பே பெரிய கோப்பு. தோப்புக் குத்தகைக்கு உங்கள் அப்பா முன்பணம் வாங்காமல் காய் இறக்க விடுவாரா?

அண்ணன் பெயரில் உள்ள கணக்கு

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இதைத்தான் நான் அதிகம் கவலையோடு படித்தேன். அண்ணன் மீது சந்தேகம் எதுவும் கிளப்பவில்லை. உங்களுக்கு உதவியாகத்தான் கணக்கைக் கொடுத்திருக்கிறார். ஆனால் மூன்று ஆண்டு வருமானமும் ஆவணங்களில் அவருடையதாக இருக்கிறது. சம்பளம் வாங்கும் அவரிடம் வருமான வரித்துறை இந்த வரவுகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாளைக்குக் கணினி வாங்க நீங்கள் கடனுக்குப் போனால் காட்ட உங்களிடம் ஒரு வரவுகூட இருக்காது. மாம்பழ நிறுவனத்தின் 7,500 ரூபாயும் அவர் கணக்குக்கே போயிருப்பதால், “எங்கள் ஒப்பந்தம் அந்தத் தம்பியோடு, இந்தப் பெண்ணோடு இல்லை” என்று பதில் நோட்டீஸ் வரலாம். அந்தத் தொகையைத் தங்கை வரைந்த படங்களுக்காக, தங்கையின் சார்பில் பெற்றேன் என்று அண்ணன் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பான் அட்டையில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, பேபாலையும் அதே பெயரில் புதிதாகத் திறவுங்கள். வீட்டுக்குக் கொடுப்பதை அதிலிருந்து விருப்பப்படி கொடுக்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. வங்கியில் தொழில் என்ன என்று கேட்டால் ‘கமிஷன்’ என்று சொல்லாதீர்கள். அப்பாவுக்கு வந்த குழப்பம் அங்கேயும் வரும். தரகு, கமிஷன் வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரியில் அனுமானக் கணக்குமுறை (விரிவான கணக்கேடுகள் இல்லாமல், வரவில் குறிப்பிட்ட பங்கை லாபமாகக் கொள்ளும் முறை) கிடைக்காது என்பதால், அந்தச் சொல்லால் உண்மையான இழப்பும் நேரலாம். ரசீதில் ‘ஓவியப் பணிக் கட்டணம்’ என்று எழுதுங்கள்.

பெங்களூரு வாடிக்கையாளர் வேறு மாநிலம் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்று யாரோ சொன்னது பொருட்களுக்குப் பொருந்தும். சேவைகளுக்கு 2017 அக்டோபரிலிருந்தே விலக்கு இருக்கிறது. ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை உங்களுக்குப் பதிவு தேவையில்லை. அதற்குப் பதில், சிறு, குறு தொழில்களுக்கான, கட்டணமே இல்லாத உத்யம் என்ற அரசுப் பதிவை ஆதாரை வைத்து முடித்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். பழைய பாக்கிகளுக்கு இது உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள், பதிவுக்குப் பின் எடுக்கும் வேலைகளுக்கே நம்பலாம்.

பதிவும் தபால் உறையும்

நீங்கள் கேட்டிருப்பதுபோல், படத்தை அச்சிட்டு உறையிலிட்டு உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொள்வதால் பதிப்புரிமை எதுவும் உண்டாவதில்லை. அது வரைந்த கணத்திலேயே உண்டாகிவிடுகிறது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. தேதிக்குச் சான்றாக உங்கள் அடுக்குக் கோப்பே உறையைவிட மேல். அரசுப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாகும், அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும். கலைப்படைப்புக்கு 500 ரூபாய், சரக்குகளின் மேல் பயன்படும் படைப்புக்கு 2,000 ரூபாய் என்று கட்டணம் இருக்க, நீங்கள் இதுவரை வரைந்த நானூறு படங்களையும் பதிவு செய்வது வீண்செலவு. மாம்பழச் சிறுவன் ஒருவனை மட்டும், சமரசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, பதிவு செய்யலாம். அதற்கு வணிகச் சின்னப் பதிவகத்தின் சான்றிதழும் வேண்டும், உரிமை கொண்டாடும் எதிர்த்தரப்புக்கும் விண்ணப்பத்தின் நகல் போக வேண்டும்.

இனி எடுக்கும் ஒவ்வொரு நிறுவன ஆர்டருக்கும், பேனாவைத் தொடுவதற்கு முன், வாட்ஸ்அப்பில் இதை அனுப்புங்கள்:

“இந்தப் படங்களை உங்கள் இன்ஸ்டாகிராம், முகநூல் பக்கங்களில் மட்டும் ஓராண்டுக்குப் பயன்படுத்த உரிமம் தருகிறேன். அச்சு, பொட்டல உறை, வண்டி, விளம்பரப் பலகை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம். ஏஐ மென்பொருளில் இட்டு மாற்றுவதற்கு அனுமதி இல்லை. பதிப்புரிமை என்னிடமே இருக்கும். பணம் திரும்பப் பெறப்பட்டால் உரிமமும் முடிவடையும். ஏற்பு என்றால் ‘சம்மதம்’ என்று பதில் அனுப்பவும்.”

‘சம்மதம்’ என்ற அந்த ஒற்றைச் சொல், 17-ஆம் பிரிவு கேட்கும் மாறான ஒப்பந்தம் ஆகிவிடும். குடும்பப் படங்களுக்கு இந்த வாசகம் பொருந்தாது. அங்கே உரிமையை அவர்களுக்கே விட்டுவிட்டு, மாதிரிக்குப் போடலாமா என்று மட்டும் கேளுங்கள்.

மாம்பழ நிறுவனத்துக்கான நோட்டீஸை, பாட்டிலும் ரசீதும் அண்ணனின் கடிதமும் கைக்கு வந்த பின் அனுப்பினால் போதும், பத்து நாள் பொறுக்கலாம். பாலக்கோட்டு அம்மாவுக்கான பதிலை இன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.